மருந்துக்கு அடங்காத காய்ச்சல்

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஏழரை மணிக்குக் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்த அம்சவல்லிக்கு, தட்டைப் பார்க்காமலே மூடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

பதினாறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் லேப்பில் இதே வேலை. நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தால், எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் கிருமியைப் பூசி, அதன் மேல் பொட்டுப் பொட்டாக மருந்துக் காகிதங்களை ஒட்டி, வெதுவெதுப்பில் ஒரு ராத்திரி விட்டுவிடுவாள். கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி அண்டாது; தெளிவாக ஒரு வளையம் விழும். கேட்காத மருந்தென்றால் பொட்டின் விளிம்பு வரை பாசி மாதிரி மண்டிக் கிடக்கும்.

அவள் பார்க்கப் பயந்த தட்டின் மூடியில் அவளே எழுதியிருந்தாள்: இளையபெருமாள், ஆண்கள் வார்டு, கட்டில் 4. கூடப்பிறந்த தம்பி.

எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

ஆம்பிசிலின், விளிம்பு வரை மண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எட்டு மணிக்கொரு தரம் தம்பிக்குப் போட்டுவந்த ஜென்டாமைசினைச் சுற்றியும் அப்படியே. திங்கட்கிழமை சாயங்காலம் சீஃப் டாக்டர் மாற்றி எழுதிய செஃபோடாக்சிமுக்கும் அதே கதி. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் வளையம் விழுந்திருந்தது. அமிகாசின். ஸ்கேலை வைத்து அளந்தாள். பத்தொன்பது மில்லிமீட்டர். போதும், தாராளமாகக் கேட்கும்.

மூன்று நாளாகத் தம்பிக்கு ஏற்றியதெல்லாம் வெறும் தண்ணீருக்குச் சமம் என்று தோன்றியதும் ஸ்கேலை மேஜையில் எறிந்தாள். பயம் கொஞ்சம், ஆத்திரம்தான் அதிகம்.

நெடுவேலிக்குடியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மிராசுதார் தியாகேசன், ஆட்சி மாறும்போதெல்லாம் காரில் கட்டும் கொடியையும் மாற்றிக்கொள்கிறவர், ஆவணி பிறந்ததும் பதினோரு மா நிலத்தில், நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, டிராக்டரை இறக்கினார். பண்ணையாளாக இருந்த வீரையனின் பெயர் அறுபத்தொன்பதில் குத்தகைப் பதிவேட்டில் ஏறிய நிலம் அது. வீரையனுக்குப் பிறகு மகன் இளையபெருமாள் உழுகிறான். மறித்து நின்றவனின் வயிற்றில் மிராசுதாரின் ஆட்கள் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடித்தார்கள். குடல் கிழிந்துவிட்டது. "அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்று ஊரே சொன்னபோது, "நான் வேலை பாக்கிற இடத்துல சேர்த்தா என் கண்ணு முன்னாடி இருப்பான்" என்று தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தவள் அம்சவல்லி.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எட்டாம் நாள் இட்லி சாப்பிட்டான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் கட்டிலே ஆடும்படி குளிர் வந்தது.

அம்சவல்லி ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினாள். போன வாரம், கட்டில் 2. அதற்கு முந்தின வாரம், கட்டில் 9. அதே வார்டு, அதே கிருமி. கேட்காத மருந்துகளின் வரிசைகூட எழுத்துக்கு எழுத்து அதுவேதான். கட்டில் 9-இல் இருந்த சீர்காழிக்காரரை, கடைசி மூச்சு வீட்டிலாவது போகட்டும் என்று உறவுக்காரர்கள் வேனில் படுக்கவைத்துக் கொண்டுபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த ரிப்போர்ட்டையும் அவள்தான் எழுதினாள். எழுதி ஃபைலில் போட்டதோடு சரி. யாரிடமும் போய் நின்று கேட்கவில்லை.

மாடிக்கு ஓடினாள்.

*

இளையபெருமாளின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள் பொன்னுத்தாய். அவன் பெண்டாட்டி. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. இருந்தும் தலையை வாரி முடிந்து, வெளுத்த நீலப் புடவையைத் திருத்தமாகக் கட்டியிருந்தாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி, இன்னைக்கு நெலத்து கேசுக்கு வாய்தா. பதினோரு மணிக்கு வருவாய் கோர்ட்டுல கூப்பிடுவாங்க. இவரு வரலேன்னா எதிராளி சொல்றதக் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுதிடுவாங்களாம். ஆள் வரமுடியாத நிலைமையில இருக்காருன்னு ஆஸ்பத்திரில லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னாரு வக்கீலு."

"வாங்கித் தர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் புள்ள. இதுவரைக்கும் போட்ட ஊசி எதுவும் இவனுக்குக் கேக்கல. கிருமி அதுக்கெல்லாம் அடங்காத கிருமி."

பொன்னுத்தாய் துணியை எடுத்து மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

"வயித்துல அடிச்சவன் யாருன்னு தெரியும். போலீஸ்ல பேரு சொன்னோம். இந்தக் கிருமி எங்கேருந்து வந்துச்சு? வயல்லேருந்தா?"

"இல்ல."

"பின்ன?"

"இங்கேருந்துதான்னு நினைக்கிறேன்."

"நீங்கதானே இங்க கொண்டாரச் சொன்னீங்க, அண்ணி." குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

கட்டிலில் இளையபெருமாள் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது. "அக்கா... தண்ணி பாஞ்சுதா?" என்றான். வயலில் நிற்பதாக நினைப்பு. "மடையை அடைச்சுடாதீங்க."

"பாயுதுடா தம்பி. நீ படு."

அவன் கையில் ஊசிக்குழாய் ஏற்றியிருந்த இடம் சிவந்து நரம்போடு தடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் ஜன்னலோர மேஜையில் இருந்த பாட்டில் அவள் கண்ணில் பட்டது. சலைன் பாட்டில். ரப்பர் மூடியில் ஓர் ஊசி குத்தியபடியே நின்றது. வார்டு முழுவதற்கும் அது ஒன்றுதான். ஊசிக்குழாய் அடைத்துக்கொண்டால் அதிலிருந்து இழுத்துத்தான் யாருக்கும் பீய்ச்சுவார்கள். மருந்துப் பொடியைக் கரைப்பதும் அதில்தான். பதினாறு வருஷமாகப் பார்த்த பாட்டில். இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"சிஸ்டர், அந்த பாட்டிலை எனக்குக் கொஞ்சம் கொடுங்க. டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

வார்டின் தலைமை நர்ஸ் தங்கம்மாள் ஊசி டிரேயை டொக்கென்று வைத்தாள். ஐம்பத்தைந்து வயது. அவள் குரலுக்கு வார்டில் டாக்டர்களே அடங்குவார்கள்.

"எதுக்கு? என் வார்டுல அழுக்குன்னு எழுதி வெக்கவா?"

"மூணு பேருக்கு ஒரே கிருமி, சிஸ்டர்."

"இருபத்தெட்டு வருஷமா இப்பிடித்தான் ஊசி போடறேன் அம்சா. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான் ஸ்டோர்ல கொடுக்கிறான். அதையும் நீ தூக்கிட்டுப் போயிட்டா, பன்னண்டு பேருக்கு என் எச்சியிலயா மருந்தைக் கரைக்கிறது? போ, உன் லேப்பைப் பாரு."

*

டியூட்டி டாக்டர் கமருன்னிஸா, படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆன பெண், தட்டை வாங்கிப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"உடனே அமிகாசினுக்கு மாத்தணும்."

"எழுதிக் கொடுங்க மேடம்."

"என்னால எழுத முடியாதுங்க. சீஃப் கையெழுத்து இல்லாம ஆண்டிபயாடிக் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. அவர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். பத்தரை ஆகும்."

"தியேட்டருக்குள்ள போய்க் கேக்கலாமில்ல?"

"கேட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே. பேஷன்டுக்கு மூத்திரம் குறைஞ்சுட்டு வருது, என்ன பண்ணட்டும்னு. 'நான் வந்து பாத்துக்கறேன்'னு கதவைச் சாத்திட்டார்." அவள் முகம் வாடியிருந்தது. "கோர்ட்டுக்கு லெட்டர் வேணும்னீங்களே, அதை நான் எழுதித் தர்றேன்."

எழுதினாள். அதை ஆபீஸ் மானேஜர் வாங்கிப் படித்துவிட்டு, பாதியை அடித்து வேறு டைப் செய்துகொண்டு வந்தார். 'மேற்படி நபர் காய்ச்சல் காரணமாக இம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவருகிறார்.' ரத்தத்தில் கிருமி என்ற வரியைக் காணவில்லை.

"வெறும் காய்ச்சல்னா காருல வெச்சுக் கூட்டிட்டு வாங்கம்பாரு மிராசுதாரோட வக்கீலு," என்றாள் பொன்னுத்தாய். "ஏற்கெனவே செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போலாம்னு இங்க எழுதின பேப்பர் அவங்க கையில இருக்கு. அடிதடி கேசுன்னு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு நகல் போச்சுல்ல, அங்கேருந்து வாங்கியிருக்காங்க."

மணி ஒன்பது ஐம்பது.

அம்சவல்லி லேப்புக்கு வந்தாள். ரிப்போர்ட் ஃபாரத்தை எடுத்தாள். கிருமியின் பெயர், கேட்காத மருந்துகள், கேட்கும் ஒரே மருந்து. கீழே குறிப்பு என்று இருந்த கட்டத்தை அவள் ஒருநாளும் நிரப்பியதில்லை. இன்றைக்கு எழுதினாள்: 'இரண்டு வாரத்தில் இதே வார்டில் இதே வகைக் கிருமி மூன்றாவது நோயாளியின் ரத்தத்தில் காணப்படுகிறது.' கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கார்பன் காப்பியைக் கிழித்தாள்.

"இதைக் காட்டு. நோயாளியோட ரிப்போர்ட்டை நோயாளிக்குக் கொடுக்கிறது தப்பில்ல."

பொன்னுத்தாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "உங்க வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"நீ போ. நேரமாகுது."

*

சீஃப் டாக்டர் இராஜாங்கம் கெட்டவரில்லை. தாராசுரத்துப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, உதவிச் சம்பளத்தில் படித்து, நாற்பது கட்டிலோடு இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர். வயிற்றைத் திறந்து மூடுவதில் டெல்டாவிலேயே அவருக்கு நிகரில்லை என்பார்கள். ஆனால் தன் கை பட்ட இடத்தில் பிழை நேர்ந்தது என்று யாராவது சொன்னால் அவர் காது மூடிக்கொள்ளும்.

"ரத்தம் எடுக்கும்போது தோல்ல இருந்த கிருமி கலந்திருக்கும். திரும்ப எடுத்து வளர்த்துப் பாரு," என்றார், கையுறையைக் கழற்றியபடி.

"இது தோல்ல இருக்கிற ஜாதிக் கிருமி இல்ல சார். ரெண்டு கையிலயும் தனித்தனியா நானே எடுத்தேன். ரெண்டுலயும் ஒண்ணுதான் வளர்ந்துச்சு."

"அப்போ குடல்லேருந்து வந்திருக்கும். தையல் உள்ள கசியுதோ என்னவோ."

"கட்டில் ஒன்பதுல இருந்தவருக்குத் தொடை எலும்புதானே சார் முறிஞ்சிருந்தது? அவர் வயித்தை யாரும் திறக்கலையே? மூணு பேருக்கும் பொதுவா இருந்தது கையில ஏத்தின ஊசிக்குழாய் ஒண்ணுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கமருன்னிஸா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ டெக்னீஷியன். தட்டை எண்ணி எழுதறது உன் வேலை. காரணம் சொல்றது என் வேலை." கழற்றிய கையுறையைத் தொட்டியில் போட்டார். பிறகு கேஸ் ஷீட்டை இழுத்து எழுதினார். "அமிகாசின் போடலாம். ஆனா அது கிட்னியைப் பதம் பாக்கிற மருந்து. மணிக்கு மணி மூத்திரம் அளக்கணும், கமருன்னிஸா. அம்சவல்லி, ரிப்போர்ட்டை நான் சொல்ற வரைக்கும் வெளியில கொடுக்காதே."

"கொடுத்துட்டேன் சார்."

"யார்கிட்ட?"

"தம்பி பெண்டாட்டிகிட்ட. கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்சவல்லிக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாப்பது கட்டில். முப்பது வருஷம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

*

ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் அமிகாசின் இல்லை. கேட்டு எழுதினால் வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து வரும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை! அம்சவல்லி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெயிலில் இறங்கினாள். முதல் கடையில், "ஜென்டாமைசின் இருக்கும்மா. ரெண்டும் ஒரே குடும்பந்தான், அதையே போடச் சொல்லுங்க," என்றார் கடைக்காரர். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. இரண்டாவது கடையில் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். அங்கே கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, சளிக்கு என்று ஆண்டிபயாடிக் மாத்திரையில் இரண்டே இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். "ரெண்டு போட்டா நின்னுடும்," என்றாள் அம்சவல்லியைப் பார்த்துச் சிரித்து. அம்சவல்லிக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எத்தனை பேரைத்தான் உலுக்குவது? போன வருஷம் கால் சேற்றுப்புண்ணுக்குத் தம்பியும் இதே மாதிரி இரண்டு நாள் மாத்திரை போட்டு நிறுத்தியவன்தான். அப்போது அவள் என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைத்தூன் பீவி நடத்தும் சின்னக் கடை. ஐந்தாவதாக அங்கேதான் கிடைத்தது. ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் துழாவி எடுத்தாள் அந்தம்மாள். நாலு குப்பி.

"ரெண்டு நாளைக்குத்தாம்மா வரும் இது. ஏழு நாளாச்சும் போடச் சொல்லுவாங்களே?"

"மீதிக்கு எங்க போறது?"

"கும்பகோணத்துல கேட்டு வெக்கிறேன். சத்தியமா சொல்ல முடியாது."

மத்தியானம் இரண்டே காலுக்கு முதல் ஊசி ஏறியது. பழைய ஊசிக்குழாயைப் பிடுங்கிவிட்டு, மறு கையில் புதிதாகக் குத்தினாள் கமருன்னிஸா. மருந்து கரைக்கப் புது சலைன் பாட்டில் உடைத்தாள். அதற்குத் தனியாக ஸ்டோரில் சண்டை போட வேண்டியிருந்தது.

*

நாலு மணிக்குப் பொன்னுத்தாய் வந்தாள். வந்ததும் புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. வராந்தாவுக்கு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு புள்ள?"

"இருபது நாள் வாய்தா கொடுத்துட்டாங்க."

"அப்பாடா."

"கேளுங்க முழுசா. நீங்க கொடுத்த பேப்பரைப் படிச்சுப் பாத்துட்டு, 'இத்தனை மருந்து கேக்கலேன்னு போட்டிருக்கே, ஆள் பொழைப்பாராம்மா?'ன்னு கேட்டாரு ஆபீசரு. அத்தனை பேருக்கு முன்னாடி. நான் என்னத்தச் சொல்றது? பொழைப்பாருன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் சொன்னாரு, இருபது நாளைக்கும் அந்த நெலத்துல ரெண்டு கட்சியும் எறங்கக்கூடாதாம்."

அம்சவல்லிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "சம்பா நாத்து?"

"நாத்தங்கால்ல நிக்குது. இன்னும் அஞ்சாறு நாள்ல பறிச்சு நட்டாகணும். இருபது நாள் விட்டா முத்திப்போயி மாட்டுக்குத்தான் ஆகும். ஆத்துல தண்ணி கரை தட்டி ஓடுது, வயலு தரிசாக் கெடக்கப்போவுது. மிராசுதாருக்கு இது ஒரு போகம். நமக்கு?" அவள் எழுந்தாள். "இன்னொண்ணு அண்ணி. அவங்க வக்கீலு அந்தப் பேப்பருக்கு நகல் கேட்டு வாங்கிட்டாரு. 'ஆஸ்பத்திரியால வந்த சீக்குன்னு இதிலேயே இருக்கு, அடிச்சதால இல்ல'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. ஆள் போயிட்டாக்கூட அவங்க தலையில விழாதுங்கற மாதிரி."

தான் எழுதிய உண்மை இப்படி ஒரு பக்கம் திரும்பும் என்று அம்சவல்லி நினைக்கவே இல்லை. தம்பியைக் காப்பாற்ற எழுதிய வரி, அவனை அடித்தவனுக்குக் குடை பிடிக்கிறது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

*

ஆறு மணிக்கு லேப்பைப் பூட்டக் கிளம்பும்போது கதவடியில் நிழல் விழுந்தது. தங்கம்மாள். கையில் தினசரித் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

"சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார்," என்றாள் உட்காராமலே. "எல்லா வார்டுலயும் திறந்திருக்கிற பாட்டில், டிரே, பஞ்சு, அத்தனையும் இன்னைக்கே எரிச்சிடச் சொல்லிட்டார். நாளையிலேருந்து ஆளுக்கொரு பாட்டிலாம். ஸ்டோருக்கு உத்தரவு போயிடுச்சு."

"நல்லதுதானே சிஸ்டர்?"

"நல்லதுதான். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு." தாளைப் பிரித்தாள். உள்ளே பாதி தீர்ந்த சலைன் பாட்டில். மூடியில் ஊசி இன்னும் குத்தியபடியே இருந்தது. "எரிக்கிற வாளியில இது விழல. நேத்து சாயங்காலம் வந்தது, காலையில நீ கேட்ட அதே பாட்டில்."

அம்சவல்லி பாட்டிலைத் தொடவில்லை. சீஃப் எதை எரிக்கச் சொன்னார், ஏன் இன்றைக்கே எரிக்கச் சொன்னார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

"காலையில என்னை விரட்டினீங்களே."

"கட்டில் ஒன்பதுல இருந்த சீர்காழிக்காரருக்கு நாந்தான் ஊசி போட்டேன். போகும்போது அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா'ன்னார்." தங்கம்மாள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "மத்தியானம் பூரா அதே நினைப்பு. எனக்குத் தெரிஞ்சாகணும் அம்சா."

அம்சவல்லி கையைக் கழுவினாள். ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ஊசியையும் மூடியையும் சுட்டுவிட்டு, பாட்டிலிலிருந்து இழுத்துத் தட்டில் விட்டுப் பரப்பினாள். தட்டை மூடினாள். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தாள். வரிசை எண், தேதி, நேரம், எடுத்த இடம் எல்லாம் எழுதியவள் அடுத்த கட்டத்தில் நின்றாள்.

"கொண்டுவந்தவர் பேர் போடணும். இல்லேன்னா செல்லாது. நான் எடுத்ததாவே எழுதிடறேன்."

"உன் தம்பி படுத்திருக்கான். நீ எடுத்தேன்னா, நீயே கலந்துட்டேம்பாங்க." தங்கம்மாள் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவள் தலை இவ்வளவு நரைத்திருந்தது அம்சவல்லிக்குத் தெரியாது. "என் பேரையே எழுது. தங்கம்மாள், தலைமை நர்ஸ், ஆண்கள் வார்டு. முழுசா எழுது."

எழுதினாள்.

மாடிப்படியில் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய்.

"அண்ணி, அவருக்கு மறுபடியும் குளிர் எடுக்குது. ரெண்டு போர்வை போட்டும் நிக்கல. டாக்டரம்மா உங்களைக் கூப்பிடறாங்க, ரத்தம் எடுக்கணுமாம். மூத்திரம் ஒரு மணி நேரமா எறங்கலையாம்."

அம்சவல்லி ரத்தம் பிடிக்கும் இரண்டு புட்டிகளை எடுத்தாள். அவள் கேட்காமலே, சுட்டுவைத்த ஊசிப் பெட்டியைத் தங்கம்மாள் தூக்கிக்கொண்டாள். மூன்று பெண்களும் மாடி ஏறினார்கள்.